மான் தின்ற ஸ்கான் ரிப்போட்

எனக்குக் கூச்சம் அதிகம். வெட்கத்தைச் சொல்லவில்லை, உடம்புக் கூச்சத்தைச் சொல்கிறேன். விலாவில் ஒரு விரல் பட்டால் சிரிப்பு வந்துவிடும். வந்தால் இலேசில் நிற்காது. பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவெடுக்க முயன்ற தையல்கார அக்கா அளவு நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தப் பிள்ளைக்கு நான் கண்மட்டில தைக்கிறன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். கலியாணத்தன்று தாலி கட்டும்போது என் கணவரின் விரல் பின்கழுத்தில் பட்டது. நான் குலுங்கிய குலுக்கில் முதல் முடிச்சு நழுவிவிட்டது. மேளக்காரர் நிறுத்தாமல் அடித்தபடியால் பின்வரிசையில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியாமல் போனது. முன்வரிசையில் இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார்கள்.

இப்படிப்பட்ட என் வயிற்றில்தான் ஒரு பிள்ளை வந்து தங்கியது.

கலியாணமாகிச் சில வருஷங்கள் ஓடிவிட்டிருந்தன. எதிர்பார்ப்பதைக்கூட நாங்கள் நிறுத்தியிருந்தோம். நான் திருகோணமலை நகரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். அவர் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்கிறார். பெரிய கப்பல்களை மெல்ல மெல்ல இழுத்து வந்து இறங்குதுறையில் சேர்ப்பது அவருடைய தொழில். அவரிடமிருந்து கதையும் அதே வேகத்தில்தான் வரும். அன்று காலை அந்தச் சோதனைக் குச்சியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். இரண்டு கோடுகள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், "சரி" என்றார். அவ்வளவுதான். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டார். கொஞ்ச நேரத்தில் வாசலுக்குப் போய்ப் பார்த்தால் மோட்டார் சைக்கிள் வீட்டிலேயே நிற்கிறது. மனுஷன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் துறைமுக வாசல்வரை நடந்தே போயிருக்கிறார்.

அவருடைய அக்கா, எனக்கு மச்சாள், சல்லி என்ற கடலோரக் கிராமத்தில் இருக்கிறார். கருவாட்டு வியாபாரம். செய்தி கேட்ட அன்றே பஸ் ஏறி வந்துவிட்டார். அன்றிலிருந்து என் வயிற்றுக்கு அவர்தான் பொறுப்பதிகாரி. எந்தப் பக்கம் படுப்பது, எந்த மீன் தின்பது, யார் வீட்டுக்குப் போகலாம், யார் வீட்டுக்குப் போகக்கூடாது, எல்லாம் அவர் தீர்ப்பு. எனக்குத் தலைசுற்றலும் சிரிப்பும் ஒன்றாக வந்த மாதங்கள் அவை. சத்தி எடுத்துவிட்டு வந்து வாய் துடைத்துக்கொண்டே சிரிப்பேன். சங்கத்தில் ஒருவர் பருப்புக்கு விலை கேட்டாலும் சிரிப்பேன். மனேஜர் இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

ஐந்தாம் மாதம் நெருங்கியபோது, எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து, பிள்ளையின் உறுப்புகளை வடிவாகப் பார்க்கிற ஸ்கான் ஒன்று எடுக்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்கச் சுணங்கும் என்பதால் பிரைவேட்டில் எடுப்பதாக முடிவு செய்தோம். இடத்தைத் தெரிவு செய்தவர் மச்சாள்.

"டவுணில புதுசா ஒண்டு திறந்திருக்கு. பிள்ளையின்ர முகத்தைப் பெரிய ரீவியில காட்டுறாங்களாம். பாட்டும் போடுவினமாம்" என்றார்.

"ஸ்கானுக்கு என்னத்துக்கு அக்கா பாட்டு?" என்று கேட்டார் என் கணவர்.

"உனக்கென்னடா தெரியும்? பிள்ளை கேட்கும்."

நாள் எடுத்த பிறகு, ஒரு காலையில் எனக்குக் கொஞ்சம் இரத்தக்கறை கண்டது. நோவு ஒன்றும் இல்லை. மத்தியானத்துக்குள் நின்றும்விட்டது. எப்படியும் ஸ்கானுக்குப் போகிறோம்தானே, அங்கே டொக்டரிடம் சொல்லுவோம் என்று நானும் அவரும் பேசிக்கொண்டோம்.

அந்தக் கிளினிக்குக்குள் கால் வைத்ததும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. சுவரை அடைத்த மீன்தொட்டி, ஊதாவும் ரோசாவுமாகப் பலூன், குளிர் அடிக்கிற ஏசி, உட்கார்ந்தால் உள்ளே போய்விடுகிற மெத்தைக் கதிரைகள். வரவேற்பு மேசையில் இருந்த பெண்பிள்ளை, "முட்ட முட்டத் தண்ணி குடிச்சிட்டு இருங்கோ. பாத்ரூம் போயிடாதேங்கோ. படம் விழாது" என்று பெரிய போத்தலைத் தந்தாள். குடித்தேன். சுற்றிவர இருந்த பெண்களும் குடித்திருந்தார்கள். எல்லோரும் காலைக் காலோடு ஒட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி, ஒருவரும் கதைக்காமல் இருந்தோம். மீன்தொட்டியில் மட்டும் தண்ணீர் சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது.

எதிரே இருந்த பெண் அந்தத் தொட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "இதை ஆராவது நிப்பாட்டுங்கோவன்" என்றாள், அழுவதுபோல.

போதும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவள் "சிரிப்பிக்காதேங்கோ, கெஞ்சிக் கேட்கிறன், எனக்குப் போயிடும்" என்றாள். அதைக் கேட்டு முழு வரிசையும் குலுங்கியது. ஒருத்தி எழுந்து, இரண்டு கைகளாலும் சாரியைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள். மேசைப் பிள்ளை பின்னால் ஓடினாள். என்னைக் கூப்பிட்டபோது எனக்குக் கண்ணால் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வேறெங்கும் வடியாதது கடவுள் புண்ணியம்.

உள்ளே டொக்டர் ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு யாரோடோ ஒரு வாகனம் வாங்குவதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் விரித்திருந்த பேப்பர் எனக்கு முந்திப் படுத்தவரின் உடம்பில் கசங்கி, ஓரத்தில் ஈரமாக இருந்தது. கையால் படு என்று காட்டினார். படுத்தேன். என் பெயரை அவர் கேட்கவில்லை. ஜெல்லைப் பிதுக்கினார். ஐஸ்மாதிரிக் குளிர்ந்தது. பிறகு அந்தக் கருவியை வைத்தார்.

நான் சிரித்த சிரிப்பில் கட்டில் கிறீச்சிட்டது.

"ஆடாதேங்கோ!" என்றார் டொக்டர். ஃபோனில் இருந்தவரிடம், "உங்களை இல்லை" என்றார்.

நான் உதட்டைக் கடித்தேன், மூச்சைப் பிடித்தேன். மச்சாள் உதவி செய்வதாக நினைத்து என் பாதங்களை இறுக்கிப் பிடித்தார். பாதத்தில்தான் எனக்கு எல்லா இடத்தையும்விடக் கூச்சம். திரையில் பிள்ளை அலைக்குள் அகப்பட்ட வள்ளம்போல மேலும் கீழும் போய்வந்தது. டொக்டருக்குப் பொறுமை போய்விட்டது. கருவியை அங்கே ஒரு இழுப்பு, இங்கே ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு ஏதோ பொத்தானை அமத்த, சுவரில் இருந்த பெரிய ரீவியில் பொன்னிறமாக ஒரு முகம் வந்தது. பாட்டும் வந்தது.

நான் சிரிப்பதை மறந்துபோனேன். மூடிய கண், சப்பை மூக்கு, கன்னத்தோடு ஒட்டிய ஒரு குட்டிக் கை. மச்சாள், "ஐயோ, எங்கட அப்பாவின்ர மூக்கடா!" என்று கத்தினார். என் மனுஷன் ரீவிக்குக் கிட்டப் போய் நின்றுகொண்டார்.

"எல்லாம் நல்லம்" என்றார் டொக்டர்.

"டொக்டர், போன கிழமை எனக்குக் கொஞ்சம் ரத்தம் பட்டது..."

"அதெல்லாம் சும்மா வாறது. பயப்பிடாதேங்கோ."

வயிற்றைத் துடைக்க ஏதாவது தருவார்கள் என்று பார்த்தேன். தரவில்லை. என் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த பெண் உள்ளே வந்துவிட்டாள். அதே பேப்பரில் அவளும் படுத்தாள்.

அப்போது அதெல்லாம் எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டோமே! ரிப்போட்டும் படமும் போட்ட என்வலப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நேரே கடற்கரைக்குப் போனோம். அவர் மூன்று ஐஸ்கிறீம் வாங்கி வந்தார். கோட்டைப் பக்கத்து மான்கள் சில வழமைபோல ஆட்களுக்கிடையே மேய்ந்துகொண்டிருந்தன. நான் என்வலப்பை உட்காருகிற சீமெந்து வாங்கில் வைத்துவிட்டு ஐஸ்கிறீமை வாங்கக் கை நீட்டினேன். மச்சாள் அப்பாவின் மூக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தால், வாங்கின் அந்தப் பக்கத்தில் ஒரு மான். வாயில் என் என்வலப்.

"பிள்ளையைத் தின்னுது!" என்று மச்சாள் போட்ட கூச்சலில் கடற்கரையில் இருந்த அத்தனை பேரும் எழும்பிவிட்டார்கள். மச்சாள் பாய்ந்து என்வலப்பின் மறு நுனியைப் பிடித்தார். மான் விடவில்லை. மச்சாளும் விடவில்லை. நாள் முழுக்கக் கப்பல் இழுக்கிற என் மனுஷன் இரண்டு கையிலும் உருகுகிற ஐஸ்கிறீமோடு அசையாமல் நின்றார். கடைசியில் என்வலப் கிழிந்தது. மச்சாள் மணலில் இருந்தார். மான் சற்றுத் தள்ளிப்போய் நின்று, மரியாதையாக மென்று விழுங்கியது. எங்களுக்கு மிஞ்சியது பிள்ளையின் நெற்றியும் ஒரு கண்ணும்.

நான் மணலில் விழுந்து சிரித்தேன். மச்சாள் முதலில் மானைத் திட்டினார், பிறகு தம்பியைத் திட்டினார், பிறகு அவரும் சிரித்தார். எங்களைச் சுற்றி நின்ற சனமும் சிரித்தது.

மிட்வைஃப் மிஸ் அடுத்த முறை வந்து, "எங்க ரிப்போட்?" என்று கேட்டார்.

"மான் திண்டிட்டுது மிஸ்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "கனக்கக் காரணம் கேட்டிருக்கிறன். இதைக் கேட்டதில்லை. சரி, என்ன சொன்னவை?"

"எல்லாம் நல்லமாம். ரத்தம் பட்டதுக்கும் பயமில்லையாம்."

அவருடைய சிரிப்பு நின்றது. "என்ன ரத்தம்?"

சொன்னேன். முன்னமே ஏன் சொல்லவில்லை என்று ஏசினார். இனித் துளி பட்டாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். "பிளசென்ரா எங்க இருக்கெண்டு அதில எழுதியிருந்தவரோ?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் படத்தைத்தான் பார்த்தோம்.

அங்கேயே இருந்து கிளினிக்குக்கு ஃபோன் எடுத்தோம். இன்னொரு பிரதி கேட்டோம். "நாங்கள் கொம்பியூட்டரில வைக்கிறேல்லை. வந்தீங்களெண்டா திரும்ப ஸ்கான் பண்ணலாம்" என்றாள் மேசைப் பிள்ளை.

"திரும்ப எடுக்கத்தான் வேணும்" என்றார் மிட்வைஃப் மிஸ். "ஆனா எந்த இடமெண்டு நான் சொல்லக்கூடாது. கனநேரம் எடுக்கிற இடமாப் பாத்துப் போங்கோ."

அப்படியொரு இடத்தை என் கணவரின் படகில் வேலை செய்கிற ஒருவரின் மனைவி சொன்னார். உட்துறைமுகப் பக்கம் ஒரு பழைய வீடு. மீன்தொட்டி இல்லை, பலூன் இல்லை, சாதாரணப் பிளாஸ்டிக் கதிரைகள். எங்களுக்கு முன்னால் சிலர்தான் இருந்தார்கள். ஆனால் உள்ளே போன ஒருவர் வெளியே வருவதாக இல்லை.

"இவ உள்ளுக்குச் சோறு சமைக்கிறாவோ?" என்றார் மச்சாள். இங்கேயும் தந்த தண்ணீரை முட்டக் குடித்துவிட்டு நான் மகிழ்ச்சியோடு காத்திருந்தேன். கனநேரம் எடுக்கிற இடம்தானே தேடி வந்தோம்.

ஒரு தாதி வந்து என் பெயர், பிறந்த திகதி, கடைசியாக மாதவிலக்கு வந்த நாள் எல்லாம் கேட்டு எழுதினார். ரத்தம் பட்டதா என்று அவரே கேட்டார். எவ்வளவு, என்ன நிறம், நோவு இருந்ததா என்று தோண்டித் தோண்டிக் கேட்டார். உள்ளே போனதும் டொக்டர் என் பெயரைத் திரும்பவும் என் வாயாலேயே சொல்லவைத்தார். கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் பெண்மணி, நடுத்தர வயது, சாம்பல் நிறத் துணியால் தலையை மூடியிருந்தார். எங்கள் கண் முன்னால் கை கழுவினார். தாதி பழைய பேப்பரை உருவி எறிந்துவிட்டுப் புதியதை விரித்து, அந்தக் கருவியையும் துடைத்தார். மச்சாளிடம், "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க, முடிச்சிட்டுக் கூப்பிடுறன்" என்றார் டொக்டர். மச்சாளை அப்படி ஒருவரும் வெளியே அனுப்பி நான் பார்த்ததில்லை. மச்சாளும் பேசாமல் போனார்.

"டொக்டர், முதல்லயே சொல்லிப்போடுறன். எனக்குக் கூச்சம். சிரிப்பன்."

"சிரிங்க. சிரிச்சு முடியட்டும். நான் எங்கயும் போகல்ல" என்றார்.

ஜெல் போத்தல் சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் நின்றது. வயிற்றில் பட்டபோது இளஞ்சூடாக இருந்தது. ஆனாலும் கருவி பட்டதும் நான் குலுங்கத் தொடங்கிவிட்டேன். டொக்டர் கருவியை எடுத்துவிட்டுக் கதிரையில் சாய்ந்து இருந்தார். தாதி சிரித்தார். நான் சிரித்து ஓயும்வரை காத்திருந்தார்கள்.

"இப்ப உங்கட கையை என்ட கைக்கு மேல வைங்க. நீங்களே அமத்துங்க, நீங்களே கொண்டு போங்க. தன்ட கை பட்டா ஆருக்கும் கூசாது."

வைத்தேன். இரண்டு கையுமாகக் கருவியை நகர்த்தினோம். கூசவில்லை! ஒரு துளியும் கூசவில்லை! எனக்கு ஆச்சரியத்தில் சிரிப்பு வந்தது. "இது வேற சிரிப்பு டொக்டர், நீங்கள் பாருங்கோ" என்றேன்.

திரையை என் பக்கம் திருப்பினார். இது இருதயம், நாலு அறையும் இருக்குது, பாருங்க. இது முதுகெலும்பு. இது வயிறு, இது சிறுநீரகம், ஒன்று, மற்றது. இது கைவிரல், விரிக்குது பாருங்க. ஒவ்வொன்றையும் பார்த்து, அளந்து, சொல்லிக்கொண்டே போனார். என் மனுஷன் தலையை நீட்டிக்கொண்டு, "எங்கட படகிலயும் ஒரு மெஷின் இருக்கு, டொக்டர். கடலின்ர ஆழம் காட்டும். இவ்வளவு வடிவில்லை" என்றார். அவர் ஒரேயடியாக அத்தனை சொற்கள் சொன்னதைக் கேட்டு நான் திரும்பிப் பார்த்தேன்.

பிறகு டொக்டர் கதைப்பதை நிறுத்தினார். "நான் பேசாம இருந்தா பயப்படாதீங்க. ஒரு இடத்தை வடிவாப் பாக்கிறன்" என்றார். கொஞ்ச நேரம் அடிவயிற்றிலேயே கருவி நின்றது.

"பிள்ளை நல்லா இருக்குது. அதை முதல்ல கேட்டுக்கொள்ளுங்க. பிளசென்ரா, அதான் நஞ்சுக்கொடி, கீழ இருக்கிற மாதிரித் தெரியுது. பிள்ளை வெளியில வாற வாசலை மூடிக்கொண்டு. ஆனா சலப்பை நிறைஞ்சிருந்தாலும் இப்பிடிக் காட்டும். போய்ச் சலம் போட்டுட்டு வாங்க. திரும்பப் பாப்பம்."

அந்தப் பாத்ரூமில் நான் அனுபவித்த சுகத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

திரும்பி வந்ததும், உள்ளால் ஒரு தடவை பார்த்தால்தான் சரியாக அளக்கலாம் என்றார். எப்படிப் பார்ப்பது என்று விளக்கினார். "உங்களுக்கு விருப்பமெண்டா மட்டும். இடையில நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுவன்." தாதி என் தலைமாட்டில் நின்றார். கருவிக்குப் புதிதாக உறை பிரித்துப் போட்டதை எனக்குக் காட்டினார்கள். நான் ஓம் என்றேன். நோகவில்லை. கெதியில் முடிந்தது.

பிளசென்ரா கீழேதான் இருந்தது. வாசலை மூடியிருந்தது. நான் ரத்தம் கண்டதும் அதனால்தான்.

என் மனுஷன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். டொக்டர் ஒரு தாளில் வயிற்றைப் படமாகக் கீறி, பிள்ளையைக் கீறி, கீழே ஒரு தட்டுப்போலப் பிளசென்ராவைக் கீறினார். பிள்ளை வளர வளர வயிறு பெருக்கும், கனபேருக்கு இது தானாக மேலே போய்விடும் என்றார். சில மாதங்கள் கழித்துத் திரும்பப் பார்ப்போம். போகாவிட்டால் ஒப்பரேஷன் செய்து எடுப்பார்கள், அவ்வளவுதான். பாரம் தூக்கக்கூடாது. ரத்தம் கண்டால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. உள்ளுக்குக் கை விட்டுப் பார்க்க யாரையும் விடக்கூடாது.

"அதோட, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிறதும் வேணாம்."

என் மனுஷன் யோசித்தார். முகம் வாடிப்போனது. "நான் அக்கா வீட்டில போய் இருக்கோணுமா, டொக்டர்?"

தாதி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. டொக்டர் பேனையை வைத்துவிட்டு, மெதுவாக, "வீட்டிலயே இருங்க, தம்பி. கட்டில்ல மட்டும் நல்ல பிள்ளையா இருங்க" என்றார். அவருக்கு விளங்கியது. காது இரண்டும் சிவந்துபோனது. எனக்கு இருந்த பயமெல்லாம் சிரிப்பாக மாறி வெளியே கொட்டியது. வெளியில் இருந்த மச்சாள், "என்னடா நடக்குது உள்ளுக்கு? என்னை விடுங்கோவன்!" என்று கதவைத் தட்டினார்.

மானின் கதையைக் கேட்ட டொக்டர் ரிப்போட்டில் இரண்டு பிரதி எடுத்துத் தந்தார். தங்களிடமும் ஒன்று இருக்கும் என்றார்.

அடுத்த நாள் என் மனுஷன் லீவு போட்டுவிட்டு முதலாவது கிளினிக்குக்குப் போனார். நானும் பின்னால் ஏறி இருந்து போனேன், அடிதடி ஏதும் வந்தால் பிடிக்க. அடிதடி வரவில்லை. அவர் ரிப்போட்டை மேசையில் வைத்துவிட்டுத் தன் வேகத்தில் கதைத்தார்.

"உங்கட மிஸிஸ் ஆடினபடியால்தான் படம் தெளிவில்லை" என்றார் டொக்டர்.

"தெளிவில்லையெண்டா தெளிவில்லையெண்டு சொல்லியிருக்கலாம், டொக்டர். திரும்ப வாங்கோ எண்டு சொல்லியிருந்தா வந்திருப்பம். நீங்கள் எல்லாம் நல்லமெண்டு சொன்னனீங்கள். ரத்தம் பட்டதெண்டு இவ சொன்னவ. நாங்கள் அதை நம்பி ஐஸ்கிறீம் குடிக்கப் போனனாங்கள்."

ஃபோன் அடித்தது. டொக்டர் அதைத் தொடவில்லை. அடித்து ஓய்ந்த பிறகு, "ஓம். அது பிழைதான்" என்றார். சின்னக் குரலில் சொன்னார். மன்னிப்புக் கேட்டார். எனக்கு அந்த மனுஷனில் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. பிறகு அங்கே போய்வந்த எங்கள் சங்கத்துப் பெண்ணொருத்தி, பேப்பர் மாற்றுகிறார்கள், ரத்தம் பட்டதா என்று மேசையிலேயே கேட்டு எழுதுகிறார்கள், ஃபோன் உள்ளே இல்லை என்றாள். பாட்டு மட்டும் அதே பாட்டுத்தானாம்.

சல்லி அம்மன் கோயில் திருவிழாவுக்கு நான் வந்து, விழுந்து கும்பிட்டபடி கோயிலைச் சுற்றி நேர்த்தி செய்வேன் என்று மச்சாள் முன்பே அம்மனிடம் சொல்லிவைத்திருந்தார். எனக்குப் பதிலாகத் தானே எல்லாவற்றையும் செய்து முடித்தார். வந்து, காலைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு, "உன்ர பிளசென்ராவுக்கு என்ர முழங்கால் போச்சு" என்றார்.

அவருடைய முழங்கால் போயும் பிளசென்ரா அசையவில்லை. இரண்டாவது முறை பார்த்தபோதும் அதே இடத்தில் இருந்தது. எட்டாம் மாதத்தில் ஒரு நாள் விடிந்து முற்றத்துக்கு வந்து நின்றபோது ரத்தம் பட்டது. முந்தியதைவிட அதிகம். என் மனுஷன் வேலைக்குப் போயிருந்தார். எங்களோடு வந்து தங்கியிருந்த மச்சாள் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ரிப்போட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, வீதியில் போன ஓட்டோவுக்குக் குறுக்கே போய் நின்றார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும்தான் அவருக்கு வாய் திறந்தது.

"பிளசென்ரா கீழ! உள்ளுக்குக் கை வையாதேங்கோ! பிளசென்ரா கீழ!"

வாசல் காவலாளியிடம் சொன்னார். வண்டி தள்ளியவரிடம் சொன்னார். காய்ச்சலுக்கு மருந்தெடுக்க வந்திருந்த ஒரு கிழவரிடமும் சொன்னார். அவர் பயந்துபோய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த நிலையிலும், ஆண்டவனே, எனக்குச் சிரிப்பு வந்தது.

வார்ட்டில் இருந்த டொக்டர் ரிப்போட்டை வாசித்தார். "தெரிஞ்சு வந்தது நல்லதாப் போச்சு" என்றார். தெரியாமல் யாராவது உள்ளே கை விட்டுப் பார்த்திருந்தால் ரத்தம் கட்டுப்படாமல் போயிருக்கலாம் என்று பிறகு எனக்கு விளக்கினார். இரத்தம் ஏற்ற ஆயத்தம் செய்து வைத்திருந்தார்கள். ஏற்றத் தேவை வரவில்லை. மத்தியானத்துக்குள் நின்றுவிட்டது. பிள்ளையின் துடிப்பு டக்டக்கென்று கேட்டது. என்னை வீட்டுக்கு விடவில்லை. ஒப்பரேஷன் நாள்வரை அங்கேயே வைத்திருந்தார்கள். கந்தளாயிலிருந்து வந்த ஒரு பெண்ணும் மூதூர்ப் பெண்ணும் என் இரு பக்கத்துக் கட்டில்களில் இருந்தார்கள். மான் கதையை அவர்களுக்கு எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. நர்ஸ்மார் வேறு வார்ட்டில் இருந்தும் கேட்க வந்தார்கள்.

ஒப்பரேஷன் அன்று முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போனது. வயிற்றில் மருந்து பூசுவது தெரிந்தது, கூசவில்லை. என் வயிற்றை இத்தனை பேர் தொட நான் பேசாமல் கிடக்கிறேனே என்று நினைக்க, கழுத்துக்கு மேலே மட்டும் சிரிப்பு வந்தது. மயக்க மருந்து டொக்டர் குனிந்து, "என்னம்மா, ஏதும் செய்யுதா?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் திறந்தபோது திரைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு கத்தல் வந்தது. கோபக் கத்தல். மகள்.

பார்வை நேரத்துக்கு அவரும் மச்சாளும் வந்தார்கள். மச்சாள் பிள்ளையின் மூக்கை உற்றுப் பார்த்தார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார், "இது எங்கட அப்பாவின்ர மூக்கில்லை" என்றார் ஏமாற்றத்தோடு. பிறகு பக்கத்துக் கட்டில்காரிகளுக்குத் தொதல் இனிப்பைப் பங்கிட்டார். என் மனுஷன் பிள்ளையைக் கையில் வாங்கி, முழங்கையை எப்படி வைப்பது என்று தெரியாமல், மூச்சும் விடாமல் நின்றார். மணி அடித்தது. காவலாளி வந்து எல்லோரையும் வெளியே அனுப்பினார். அவரைத்தான் கடைசியாக அனுப்ப வேண்டியிருந்தது.

அவர்கள் போனபிறகு பிள்ளைக்கு விக்கல் எடுத்தது. முழு உடம்பும் துள்ளியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "மிஸ், மிஸ், விக்குது, ஓடி வாங்கோ!" என்றேன்.

நர்ஸ் வந்து பார்த்தார். "ஒண்டும் செய்யாதேங்கோ. தானா நிக்கும்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். நின்றது.